விதைக் குழியில் கிடைத்த சிறு தரைவண்டுகள்: தென் ஒன்டாரியோ வயலொன்றில் நடந்த இனங்காணல் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கனடாவின் தென் ஒன்டாரியோவில், பழைய சதுப்பு நிலத்தின் நீரை வடித்து உருவாக்கிய கரிம மண் பரப்பும், அதை ஒட்டிக் களி கலந்த மேட்டு நிலமும் அடுத்தடுத்து அமைந்த ஒரு பண்ணையில் இந்நிகழ்வு நடந்தது. கரிம மண்ணில் வெங்காயமும் மேட்டு நிலத்தில் மக்காச்சோளமும் பயிரிடப்பட்டிருந்தன. மக்காச்சோள விதை முளைக்க மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். அந்த மே மாதத்தில் விதைப்பு முடிந்த உடனேயே குளிர் மழை தொடங்கியதால், விதைகள் ஈர மண்ணில் ஊறிக் கிடந்தனவே ஒழிய முளைவிடவில்லை. மழை விட்டு நாற்றுகள் தலைகாட்டியபோது வரிசைகளில் பெரும் இடைவெளிகள் தெரிந்தன.

பண்ணைக்கு ஆலோசனை வழங்கும் பயிர் ஆலோசகர் அந்த இடைவெளிகளைத் தோண்டிப் பார்த்தார். சில விதைகள் அழுகியிருந்தன. சிலவற்றில் மேல்தோல் மட்டும் எஞ்ச, உள்ளீடு முழுவதும் குடையப்பட்டிருந்தது. குடையப்பட்ட விதைகளின் அருகில், மண்ணைக் கிளறியதும் விரைந்தோடும் சிறு பழுப்பு வண்டுகள் இருந்தன. வெங்காய வயலின் ஓரத்தில் அவர் முன்பே புதைத்திருந்த குழிப்பொறிகளிலும் அதே அளவுள்ள வண்டுகள் ஏராளமாக விழுந்திருந்தன. இரண்டு வயல்களிலும் ஒரே வண்டுதான் பெருகியிருக்கிறது, அதுவே விதையைத் தின்றது என்ற முடிவுக்கு விவசாயி வந்தார். இரண்டு வயல்களுக்கும் சேர்த்துப் பல வகைப் பூச்சிகளைக் கொல்லும் மருந்தைத் தெளிக்க அவர் விரும்பினார். அந்த விருப்பத்தை அவசரம் என்று தள்ளிவிட முடியாது. மறுவிதைப்புக்கு உரிய காலம் குறுகியது. ஒவ்வொரு வாரத் தாமதமும் விளைச்சலைக் குறைக்கும்.

ஆனால் கரிம மண் வெங்காய வயல்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் பெம்பிடியான் குவாட்ரிமாகுலாட்டம் என்ற சிறு தரைவண்டு, வெங்காய ஈயின் முட்டைகளைத் தின்னும் இரைக்கொல்லி. வெங்காய ஈ, அதாவது டெலியா ஆன்டிகுவா, அப்பகுதி வெங்காயத்தின் முதன்மைப் பகை. பொறியில் விழுந்தது இந்த வண்டு என்றால், வெங்காய வயலில் மருந்து தெளிப்பது பகையை விட்டுவிட்டு அதன் பகையை அழிப்பதாகிவிடும். ஆகவே தெளிப்புக்கு முன் வண்டுகளை இனங்காண்பது என்று ஆலோசகர் விவசாயியை இணங்கவைத்தார். இனங்காணும் பணி என் பொறுப்பில் வந்தது.

குப்பிகள் வந்த நிலை

வந்தவை இரண்டு தொகுதிகள். ஒன்று, குழிப்பொறிகளில் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற பதப்படுத்தும் நீர்மத்தில் சேர்ந்து, பின்னர் எத்தனாலுக்கு மாற்றப்பட்ட மாதிரிகள். எல்லாப் பொறிகளின் பிடிப்பும் ஒரே குப்பியில் கலக்கப்பட்டிருந்தது. அதன் சீட்டில் “பெம்பிடியான், விதை வண்டு” என்று எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது, விதைக் குழிகளிலிருந்து கையால் எடுத்து ஈரத் தாளுடன் உயிரோடு அனுப்பப்பட்ட வண்டுகள்.

அந்தச் சீட்டே இந்நிகழ்வின் சிக்கலைக் காட்டியது. பெம்பிடியான் என்பது ஒரு பேரினம். உலகில் 1,200-க்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்ட அப்பேரினத்தில் வட அமெரிக்காவில் மட்டும் இருநூற்றுக்கும் மேற்பட்டவை உள்ளன. “விதை வண்டு” என்று அந்நாட்டு வேளாண் ஏடுகள் குறிப்பிடுபவை அதைச் சேர்ந்தவை அல்ல. அப்பெயர் ஸ்டெனோலோபஸ் லெகோன்டீ என்ற வண்டுக்கும், ஒல்லி விதை வண்டு என்ற பெயர் கிளைவினா இம்ப்ரெசிஃப்ரான்ஸ் என்ற வண்டுக்கும் உரியவை. மூன்றும் தரைவண்டுக் குடும்பமான கராபிடேயில் வெவ்வேறு கிளைகளில் நிற்பவை. ஒரே சீட்டில் அவற்றை இணைப்பது, தின்பதையும் காப்பதையும் ஒரே பெயரில் அடைப்பதாகும். பழைய வேளாண் வெளியீடுகளில் ஸ்டெனோலோபஸ் லெகோன்டீயை அகோனோடெரஸ் என்ற பேரினப் பெயரில் குறித்திருப்பதால், பழைய அறிக்கைகளைத் தேடுபவர் அந்தப் பெயரையும் அறிந்திருக்க வேண்டும்.

முதல் முடிவு: குப்பியைக் கலைக்கும் முன் சீட்டை அப்படியே படமெடுத்து, குப்பியுடன் வைத்துக்கொள்வது, புதிய சீட்டில் இடம், நாள், பிடித்த முறை ஆகியவற்றை மட்டும் எழுதுவது, பெயரைப் பிரிப்பு முடிந்த பின்னரே எழுதுவது. முன்கூட்டி எழுதிய பெயர், பார்ப்பவரின் கண்ணை அந்தப் பெயரின் பக்கமே இழுக்கும். இதை நான் கண்டிப்பாகவே கடைப்பிடிக்கிறேன்.

முதற் பிரிப்பு

குப்பியில் இருந்தவை அனைத்தும் தரைவண்டுகளா என்ற கேள்வியிலிருந்து தொடங்கினோம். அனுபவம் இல்லாதவர் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் படி இது. தரைவண்டைத் திருப்பிப் போட்டால், பின்கால்களின் அடிக்கணு வயிற்றின் முதல் தகட்டின் குறுக்கே நீண்டு, அத்தகட்டை இடம் வலமாகப் பிளந்திருப்பது தெரியும். பின்தொடையின் அடியில் டிரோகான்டர் என்ற சிறு இணைப்புக் கணு பருத்திருக்கும். உணர்கொம்பு 11 கணுக்களுடன் இழைபோல் இருக்கும். மூன்று இணைக் கால்களிலும் பாதம் ஐந்து கணுக்களாக இருக்கும். குப்பியில் இருந்தவற்றுள் ஒரு பகுதி இந்தச் சோதனையிலேயே விலகியது. பார்வைக்கு எறும்பு போலிருந்த அந்தச் சிறு வண்டுகளின் பின்பாதத்தில் நான்கு கணுக்களே இருந்தன. அவை ஆந்திசிடே குடும்பத்தவை. மண்ணின் மேல் அவையும் தரைவண்டு போலவே விரைந்தோடுவதால் வயலில் குழப்பம் நேர்வது இயல்பு.

எஞ்சியவற்றை உடல் வடிவத்தைக் கொண்டு நான்கு குவியல்களாகப் பிரித்தோம். நிறத்தைக் கொண்டு பிரிக்கவில்லை. அது எண்ணிச் செய்த முடிவு. கூட்டுப்புழுவிலிருந்து அண்மையில் வெளிவந்த வண்டு மென்மையாகவும் வெளிறியும் இருக்கும். கருப்பாக முதிர வேண்டியது பழுப்பாகத் தெரியும். எத்தனாலில் கிடந்த மாதிரிகளில் உலோகப் பளபளப்பும் மங்கிவிடும். நீளத்தையும் தனியே நம்பவில்லை. நீர்மத்தில் கிடந்த வண்டின் வயிறு நீண்டோ சுருங்கியோ இருக்கும். தலை முன்மார்புக்குள் இழுபட்டிருக்கும். வன்மையான முன்னிறக்கைகளாகிய மேலுறைகளின் நீளமும் முன்மார்பின் அகலமும் அவ்வாறு மாறாதவை, அவற்றையே அளந்தோம்.

நுண்ணோக்கியின் கீழ் தெரிந்தவை

ஒவ்வொரு குவியலிலிருந்தும் சில மாதிரிகளை உலர்த்தி, முக்கோணமாக வெட்டிய சிறு அட்டையின் கூர்முனையில், நடுமார்பின் வலப்பக்கம் ஒட்டுமாறு பசையிட்டுப் பொருத்தினோம். இப்படிப் பொருத்தினால் வண்டின் அடிப்பக்கமும் இடப்பக்கமும் முழுமையாகத் திறந்திருக்கும். சிறு தரைவண்டுகளை இனங்காணும் அடையாளங்களில் பாதி அடிப்பக்கத்திலும் வாயைச் சுற்றியும்தான் உள்ளன. முதுகைக் காட்டும் ஒளிப்படத்தை மட்டும் கொண்டு பெயர் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. விளக்கின் ஒளி நேராகப் பட்டால் மேலுறையில் கண்ணைக் கூசும் வெள்ளைப் புள்ளி ஒன்றே தெரியும் என்பதால், விளக்குக்கும் மாதிரிக்கும் இடையே ஒளிபுகும் தாளைச் சுருட்டி வைத்தோம். மேற்பரப்பில் ஓடும் நுண்வலைக் கோடுகள், அவை அறுகோணக் கண்ணிகளா, குறுக்காக இழுபட்ட கோடுகளா என்பது, அப்படிப் பரவிய ஒளியில்தான் தெரியும்.

மிகச் சிறிய இரு குவியல்களையும் முதலில் எடுத்தோம். ஒன்றில் வண்டுகள் ஏறத்தாழ 3 மி.மீ. நீளமுள்ளவை, ஒவ்வொரு மேலுறையிலும் தோளருகே ஒன்றும் நுனிக்கு முன்பாக ஒன்றுமாக இரண்டு வெளிறிய புள்ளிகள். தாடையை ஒட்டிய பால்ப் என்ற வாய் உணர்விரலின் கடைசிக் கணு ஊசிமுனை போலச் சிறுத்தும், அதற்கு முந்தைய கணு பருத்து மயிரடர்ந்தும் இருந்தது. கண்ணுக்கு மேலே இரண்டு உணர்மயிர்கள். பெம்பிடியான் என்பது அங்கேயே உறுதியானது. அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயருக்கு இட்டுச்செல்லும் திறவுகோலில் மேலும் சென்றபோது அது பெம்பிடியான் குவாட்ரிமாகுலாட்டத்தின் வட அமெரிக்க வடிவம், அமெரிக்கப் பூச்சியியலாளர் தாமஸ் சே 1823-இல் ஒப்போசிட்டம் என்று பெயரிட்ட வடிவம், என்பது தெரிந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்து வேரூன்றிய பெம்பிடியான் டெட்ராகோலத்துக்கும் நான்கு புள்ளிகள் உண்டு. ஆனால் அது குறிப்பிடத்தக்க அளவு பெரியது, ஏறத்தாழ 5 மி.மீ. நீளமுள்ளது.

மற்றொரு குவியலில் பெரும்பாலானவை 3 மி.மீ.-க்கும் சிறியவை. மேலுறையின் நடுத்தையலை ஒட்டிய வரி, நுனியில் வளைந்து மீண்டும் முன்னோக்கித் திரும்பியிருந்தது. அதைக் கண்டதும் எலாஃப்ரோபஸ் என்று எழுதிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்தத் திரும்பும் வரி டிரெக்கஸ் பேரினத்திலும் உள்ளது என்பதால் நாங்கள் அதோடு நிறுத்தவில்லை. டிரெக்கஸில் பால்ப்பின் கடைசிக் கணு முந்தைய கணுவுக்கு ஈடான அளவுடன் கூம்பாக இருக்கும்; தலையின் நெற்றிப் பள்ளங்கள் ஆழமாகி, கண்ணைச் சுற்றிப் பின்புறம் வரை வளைந்து செல்லும். எங்கள் மாதிரிகளில் கடைசிக் கணு ஊசிமுனையாகவும், முன்கணைக்காலின் வெளி நுனி சாய்வாக வெட்டியது போலவும் இருந்தன. ஆகவே அவை எலாஃப்ரோபஸ் சார்ந்தவை. ஓரிரு மாதிரிகள் மட்டும் மாறுபட்டு, டிரெக்கஸ் குவாட்ரிஸ்ட்ரையாட்டஸ் என்ற ஐரோப்பிய வரவாக முடிந்தன. எலாஃப்ரோபஸ் மாதிரிகளைச் சிற்றினம் வரை கொண்டு செல்லவில்லை. அக்குழுவின் பேரின எல்லைகள் அண்மைக் காலத்தில் மாற்றப்பட்டு வருகின்றன. வயலில் எடுக்க வேண்டிய முடிவுக்கு அந்தப் பெயர் தேவைப்படவும் இல்லை.

மூன்றாவது குவியலில் ஏறத்தாழ 6 மி.மீ. நீளமுள்ள, மஞ்சள் பழுப்பு மேலுறையில் நீளவாக்கில் கருமை படர்ந்த வண்டுகள் இருந்தன. கண்ணுக்கு மேலே ஒரே ஓர் உணர்மயிர். தாடையின் வெளிப்பள்ளத்தில் உணர்மயிர் இல்லை. இவ்விரண்டும் ஹார்பலினி குழுவைக் காட்டுகின்றன. உணர்மயிர் உதிர்ந்துவிடுவது உண்டு. அதனால் மயிரை எண்ணுவதை விட, மயிர் முளைத்த நுண்குழியைத் தேடுவதே சரியான முறை. மூன்று மாதிரிகளில் ஒரு கண்ணுக்கு மேல் மயிரே இல்லாதபோதும் குழி தெளிவாக இருந்தது. இவை ஸ்டெனோலோபஸ் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஸ்டெனோலோபஸ் லெகோன்டீயும் ஸ்டெனோலோபஸ் காமாவும் நெருங்கிய உறவினர். முன்மார்பில் கரும்புள்ளி இருப்பதும் இல்லாததும் பொதுவான வழிகாட்டி என்றாலும், முதிராத வண்டுகளில் அதை நம்ப முடியாது. ஆகவே முழுதாக முதிர்ந்த, நிறம் தெளிந்த மாதிரிகளுக்கு மட்டும் சிற்றினப் பெயர் எழுதி, மற்றவற்றை “லெகோன்டீ அல்லது காமா” என்றே பதிந்தோம்.

கிளைவினா: முடிவைத் தாங்கிய குவியல்

நான்காவது குவியலே நிகழ்வின் மையம். விதைக் குழியிலிருந்து உயிரோடு வந்தவற்றில் பெரும்பகுதி இதில் அடங்கியது. முன்மார்புக்கும் மேலுறைகளுக்கும் இடையே உடல் இடுப்புபோல் ஒடுங்கியிருந்தது. முன்கணைக்கால் அகன்று, வெளி விளிம்பில் பற்கள் நீட்டி, மண்ணைத் தோண்டும் கருவியாகவே அமைந்திருந்தது. இந்த இரண்டு அடையாளங்களையும் கைலென்ஸ் வைத்தே வயலில் பார்க்கலாம். பெம்பிடியானிலோ ஸ்டெனோலோபஸிலோ இவை கிடையாது. இதே உடலமைப்புள்ள டிஸ்கிரியஸ் பேரினத்தில் முன்மார்பு உருண்டு திரண்டிருக்கும். எங்கள் மாதிரிகளில் அது சற்றே நீண்ட சதுரமாக இருந்ததால் கிளைவினா என்று கொண்டோம்.

கிளைவினாவிலிருந்து கிளைவினா இம்ப்ரெசிஃப்ரான்ஸுக்குச் செல்வது அவ்வளவு எளிதாக இல்லை. அமெரிக்கப் பூச்சியியலாளர் லெகான்ட் 1844-இல் விவரித்த இந்த உள்நாட்டு வண்டு செம்பழுப்பு நிறமுடையது. அதே வயல்களில், ஐரோப்பாவிலிருந்து வந்து கிழக்கு வட அமெரிக்காவில் பரவிவிட்ட கிளைவினா ஃபாசரும் வாழக்கூடும். முதிர்ந்த ஃபாசர் கருமையாக இருக்கும். ஆனால் அண்மையில் வெளிவந்த ஃபாசர் செம்பழுப்பாகவே தோன்றும். விதை வண்டு என்று உறுதியாகச் சொல்ல வேண்டிய இடத்தில், அந்த நிற ஒற்றுமை மிகவும் ஆபத்தானது.

எனவே மூன்று காரியங்களைச் செய்தோம். மேலுறையை ஊசியால் மெல்ல அழுத்தி, மென்மையாகக் குழிந்தவற்றை முதிராதவை என்று ஒதுக்கிவைத்தோம். எஞ்சியவற்றைக் கார்ல் லிண்ட்ரோத் 1961 முதல் 1969 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட, கனடா மற்றும் அலாஸ்கா தரைவண்டுகள் பற்றிய நூலின் திறவுகோலில் ஓட்டினோம். கனடாவின் சிறு தரைவண்டுகளுக்கு இன்றும் அந்நூலே அடித்தளம். பெயர்கள் மாறியிருப்பதை இவ் புஸ்கே 2012-இல் வெளியிட்ட பட்டியலோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக, ஆண், பெண் இருபாலிலும் ஓர் இணை மாதிரியை, சேகரிப்பில் உள்ள பெயரிட்ட மாதிரிகளோடு ஒப்பிட்டுத் தருமாறு அக்குழுவில் பழக்கமுள்ள ஒரு வல்லுநருக்கு அனுப்பினோம். முன்பாதக் கணுக்கள் அகன்றிருப்பது பல தரைவண்டுகளில் ஆணின் அடையாளம். ஆனால் கிளைவினாவில் அந்த வேறுபாடு தெரியாது என்பதால் வயிற்றைத் திறந்து பார்த்தே பால் அறிந்தோம். எடுத்த உறுப்பைக் கிளிசரின் நிரம்பிய நுண்குப்பியில் இட்டு அதே ஊசியில் கீழே செருகிவைத்தோம். மாதிரியிலிருந்து பிரிந்த உறுப்பு ஆய்வுக்குப் பயன்படாது.

வல்லுநரின் பதில் சில நாள்களில் வந்தது. முதிர்ந்த மாதிரிகளில் பெரும்பாலானவை கிளைவினா இம்ப்ரெசிஃப்ரான்ஸ், ஓரிரண்டு ஃபாசர். ஒதுக்கிவைத்த இளம் மாதிரிகளுக்கு அவரும் பெயர் தரவில்லை, அதுவே நேர்மையான பதில்.

மரபணு வரிசையைத் தேடாத காரணம்

இந்தக் கட்டத்தில், மரபணுவைப் பார்த்தால் எல்லாம் ஒரே நாளில் தெளிவாகுமே என்று பண்ணையிலிருந்து கேட்டார்கள். கேள்வி நியாயமானது, அதுவும் ஒன்டாரியோவில் கேட்பது இயல்பானது. 2003-இல் குயெல்ஃப் பல்கலைக்கழகத்தின் பால் ஹீபர்ட் குழு, செல்லின் ஆற்றல் உறுப்பில் உள்ள ஒரு மரபணுவின் குறும்பகுதியைச் சிற்றினங்களுக்கான அடையாளக் குறியீடாகப் பயன்படுத்தலாம் என்று முன்வைத்தது. விலங்குகளில் அந்தப் பகுதி 658 காரங்கள், அதாவது மரபணு எழுத்துகள், நீளமுள்ளது.

அதைச் செய்வதில்லை என்று முடிவெடுத்தோம். பொறியில் மழைநீர் கலந்து நீர்த்த கிளைக்காலில் பல நாள் கிடந்த மாதிரிகளின் மரபணு சிதைந்திருக்க வாய்ப்பு அதிகம். உயிரோடு வந்தவற்றில் அது கிடைக்கும் என்றாலும், எங்களுக்குத் தேவையான பிரிவு கிளைவினா, ஸ்டெனோலோபஸ், பெம்பிடியான் என்ற அளவிலேயே முடிந்துவிட்டது. அந்தப் பிரிவை முன்கணைக்காலும் பால்ப்பும் தெளிவாகத் தந்துவிட்டன. இதனால் மரபணு முறையை நான் குறைத்து மதிப்பதாகக் கொள்ள வேண்டாம். மேற்கு வட அமெரிக்க மலைகளில் இதே வேலை நடந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். பெம்பிடியான் பிரெவே குழுவில், வெளித்தோற்றத்தில் ஒன்றாகத் தெரிந்தவற்றுக்குள் பல சிற்றினங்கள் மறைந்திருப்பதை ஜான் ஸ்ப்ரௌலும் டேவிட் மேடிசனும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அங்கே மரபணுவும் ஆணுறுப்பின் உள்ளமைப்பும் இல்லாமல் பெயர் சொல்வது பொருந்தாது.

விதையைத் தொட்டது எது

பெயர் கிடைத்ததும் குற்றம் உறுதியாகிவிடாது. குடைந்த விதையின் அருகில் இருப்பது தின்றதற்குச் சான்றல்ல. அழுகும் விதையை நாடி வரும் ஈப்புழுக்களைத் தின்ன வந்த வண்டும் அங்கேதான் நிற்கும். ஆகவே ஆலோசகர் மீண்டும் வயலுக்குச் சென்று, இடைவெளிகளில் விதைகளை மண்ணோடு பெயர்த்தெடுத்து, நீரில் கரைத்துப் பார்த்தார். சில விதைகளில் விதை ஈயான டெலியா பிளாட்டுராவின் காலற்ற வெண்புழுக்கள் கிடைத்தன. விதையைக் குடையும் வேறொரு வண்டின் இளம்புழுக்களான கம்பிப்புழுக்கள் கிடைக்கவில்லை. வேறு சில விதைகளில் புழுவும் இல்லை, அழுகலும் இல்லை. முளைமுனையின் பக்கத்திலிருந்து கடித்துக் குடைந்த தடம் மட்டும் இருந்தது.

உயிரோடு வந்த வண்டுகளை வகைக்குத் தனியாக ஈர மண்ணிட்ட கிண்ணங்களில் வைத்து, முழு விதை, தோல் விரிசலுற்ற விதை, ஊறி முளைவிடத் தொடங்கிய விதை ஆகியவற்றைக் கொடுத்தோம். கிளைவினா, விரிசலுற்ற விதையையும் ஊறிய விதையையும் கடித்துக் குடைந்தது. முழு விதையை விட்டுவிட்டது. ஸ்டெனோலோபஸ் விரிசலுற்ற விதையை மட்டும் கடித்தது. பெம்பிடியான் எந்த விதையையும் தொடவில்லை. ஈ முட்டைகளை வைத்ததும் அவற்றைத் தின்றது. கிண்ணத்தில் வேறு இரையின்றிப் பசித்திருக்கும் வண்டு வயலில் செய்யாததையும் செய்யும். ஆகவே இந்தச் சோதனை, கடிக்க முடியும் என்பதைத்தான் காட்டுகிறது. வயலில் எவ்வளவு கடித்தது என்பதைக் காட்டாது. அறிக்கையில் இந்த வரம்பைத் தெளிவாகவே எழுதினோம்.

வயலில் எடுத்த முடிவு

ஆலோசகரும் விவசாயியும் அமர்ந்து பேசியபோது மூன்று செய்திகள் மேசையில் இருந்தன. வெங்காய வயலோரப் பொறிகளில் மிகுதியாக விழுந்தது, வெங்காய ஈ முட்டைகளைத் தின்னும் பெம்பிடியான். மக்காச்சோள விதைக் குழிகளில் இருந்தது பெரும்பாலும் கிளைவினா இம்ப்ரெசிஃப்ரான்ஸ். விதை குளிர்ந்த மண்ணில் முளைக்காமல் ஊறிக் கிடந்ததே அந்த வண்டுக்கும் விதை ஈக்கும் வழி திறந்தது. விதை வண்டுகளின் சேதம், முளைப்பு தாமதமாகும் குளிர் ஈர வசந்தங்களில்தான் பொருட்படுத்தத்தக்கதாகிறது.

வெங்காய வயலில் தெளிப்பதில்லை என்ற முடிவு எளிதாக அமைந்தது. மக்காச்சோள வயலில் விவசாயி தயங்கினார். அவருடைய தயக்கத்துக்கு ஆலோசகர் கூறிய விடை செயல்முறை சார்ந்தது: குடையப்பட்ட விதையை எந்த மருந்தும் மீட்காது, வண்டுகள் மண்ணுக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அவற்றை எட்டுவதும் அரிது, முளைத்து வெளிவந்த நாற்றை இந்த வண்டுகள் பொருட்படுத்துவதில்லை. ஆகவே, மண்ணின் வெப்பத்தைத் தினமும் காலையில் விதைக்கும் ஆழத்தில் அளந்து, அது உயர்ந்து நிலைத்த பின், இடைவெளி மிகுந்த பகுதிகளில் மட்டும் விதை நேர்த்தி செய்த விதையை மறுவிதைப்பது என்று முடிவாயிற்று.

பின்பு நடந்தது

மறுவிதைத்த பகுதிகளில் முளைப்பு விரைவாகவும் சீராகவும் இருந்தது. அந்தப் பகுதிகளைத் தோண்டியபோதும் கிளைவினா இருந்தது, விதைகள் குடையப்படவில்லை. இதற்குக் காரணம் மண் சூடானதா, விதை நேர்த்தியா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை, ஏனெனில் நேர்த்தி செய்யாத விதையை ஒப்பீட்டுக்காக எங்கும் விதைக்கவில்லை. பயிரைக் காப்பதே நோக்கமாக இருந்த வாரத்தில் அப்படி ஒரு வரிசையைக் கேட்பதும் பொருத்தமாக இருந்திருக்காது. வெங்காய வயலோரப் பொறிகளில் கோடை முழுவதும் பெம்பிடியான் தொடர்ந்து விழுந்தது. குழிப்பொறி, வண்டு எத்தனை உள்ளது என்பதோடு அது எவ்வளவு நடமாடுகிறது என்பதையும் சேர்த்தே அளப்பதால், அந்தப் பிடிப்பை வயலின் உண்மை எண்ணிக்கையாகக் கொள்ளவில்லை. வெங்காயத்தில் ஈப்புழுவின் சேதம் பண்ணையின் வழக்கமான அளவைத் தாண்டவில்லை. அதை வண்டின் கணக்கில் எழுத எங்களிடம் சான்றில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

பொறிகளின் பிடிப்பை ஒரே குப்பியில் கலக்கக் கூடாது. ஒவ்வொரு பொறிக்கும் தனிக் குப்பியும், உள்ளே பென்சிலால் எழுதிய சீட்டும் இருந்திருந்தால், மக்காச்சோள வயலை நெருங்க நெருங்கக் கிளைவினா கூடுகிறதா என்பதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். எத்தனாலில் மை கரையும், பென்சில் கரையாது. ஒவ்வொரு வகையிலும் சில வண்டுகளை, பிடித்த அன்றே உறைநிலையில் வைப்பது நல்லது. பின்னர் மரபணு தேவைப்பட்டால் அவை உதவும்.

ஆலோசகருக்காக நான்கு குவியல்களையும் வயலில் பிரிக்கும் எளிய வழியை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸில் பார்க்க முடிந்த அடையாளங்கள் மட்டுமே அதில் உள்ளன: இடுப்பு ஒடுங்கி, முன்கால் பற்களுடன் அகன்றிருந்தால் கிளைவினா, ஏறத்தாழ 6 மி.மீ. நீளமும் நீளவாக்குக் கருமையும் இருந்து, இடுப்பு ஒடுங்காவிட்டால் ஸ்டெனோலோபஸ் என்று ஐயப்படலாம், 3 மி.மீ. அளவில் நான்கு வெளிறிய புள்ளிகள் இருந்தால் பெம்பிடியான் என்று ஐயப்படலாம். அதற்கும் சிறியதெல்லாம் பெயரின்றி குப்பிக்குப் போக வேண்டும். முதல் வரிக்கு மட்டும் உறுதிச் சொல்லும், மற்றவற்றுக்கு ஐயச் சொல்லும் இட்டதை அவர் மாற்றக் கேட்டார், நாங்கள் மாற்றவில்லை.

விதைப்புக்கு முன்னரே, ஊறவைத்த மக்காச்சோளத்தை மண்ணில் சில இடங்களில் புதைத்து, எந்த வண்டு வருகிறது என்று பார்ப்பதாகவும், மண் வெப்பமானியை ஏப்ரல் இறுதியிலேயே மேட்டு நிலத்தில் ஊன்றுவதாகவும் விவசாயி ஒப்புக்கொண்டார். முதிராத கிளைவினாக்களைக் கொல்லாமல், கிண்ணத்தில் இரை கொடுத்து நிறம் கெட்டிப்படும் வரை வளர்த்த பின்னரே மாதிரியாக்குவது என்பதை எங்கள் பக்கத்து மாற்றமாகச் சேர்த்துக்கொண்டோம்.